அந்த 1 சதவீதம் எப்படி வந்தது என்று கேளுங்கள்

திருகோணமலையில் ஆய்வரங்குகளுக்கு வரும் சுருக்கங்களைத் தெரிவுசெய்யும் பெரியோருக்கு வணக்கம்.

கடலட்டை, கடற்பாசி, மூலிகை என்று நம் பக்கத்து உயிரிகளின் புரதங்களைத் மூலக்கூறுகளின் திணிவை அளக்கும் கருவியான திணிவு நிறமாலைமானியில் ஆராய ஆசைப்படும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் மாதிரி வெளியூர் ஆய்வுகூடத்துக்குப் போய், எக்செல் கோப்பாகத் திரும்பி வரும். அதில் ‘பொய்க் கண்டுபிடிப்பு வீதம் 1 சதவீதம்’ என்று இருக்கும்; அதாவது, ஏற்றுக்கொண்ட முடிவுகளில் 100க்கு 1 பிழையாக இருக்கும் என்ற மதிப்பீடு. அது அப்படியே சுருக்கத்தில் ஏறிவிடும். நீங்களும் கேட்பதில்லை.

மென்பொருள் கருவி பதிந்த ஒவ்வொரு நிறமாலையையும் புரதத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, கூடிய புள்ளி பெறும் பெப்டைட்டை, அதாவது புரதத் துண்டை, தேர்கிறது. சரியான பெப்டைட்டு தளத்திலேயே இல்லாவிட்டாலும் ஏதாவது ஒன்று முதலாவதாக வரத்தானே செய்யும்? அதனால்தான் புரத வரிசைகளைத் தலைகீழாக்கி, இயற்கையில் இல்லாத பொய் வரிசைகளையும் சேர்த்துத் தேடுகிறார்கள். ஏற்றுக்கொள்ளக் குறித்த வெட்டுப்புள்ளிக்கு மேல் எத்தனை பொய் வரிசைகள் வருகின்றனவோ, மெய் வரிசைகளுக்குள்ளும் கிட்டத்தட்ட அத்தனை பிழைகள் ஒளிந்திருக்கும் என்பது கணக்கு.

இங்கேதான் சிறிய ஆய்வுகள் மாட்டிக்கொள்கின்றன. கடலட்டை மாதிரியொன்றில் 60 பெப்டைட்டுகள் கிடைத்தன, பொய் வரிசை ஒன்றுகூட வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். உடனே வீதம் 0 என்று எழுதிவிடுகிறார்கள். கவனமாகக் கணக்கிடுவோர் பொய் வரிசைகளின் எண்ணிக்கையோடு 1ஐக் கூட்டித்தான் வகுப்பார்கள். 1ஐ 60ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.7 சதவீதம். இந்த முறைப்படி, 100 பெப்டைட்டுகளாவது கையில் இல்லாமல் 1 சதவீதம் என்று சொல்லவே முடியாது.

அப்புறம், எந்த மட்டத்தில் அந்த 1 சதவீதம்? 10,000 நிறமாலைப் பொருத்தங்களில் என்றால் 100 பிழைகள். சரியான பொருத்தங்கள் ஒரே புரதங்களில் திரும்பத் திரும்ப விழும்; பிழைகளோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு புரதமாகச் சிதறும். பட்டியலில் இருப்பது 1,000 புரதங்கள்தான் என்றால், புரத மட்டத்தில் பிழை 10 சதவீதத்தையே நெருங்கிவிடலாம். பெரிய இடங்களும் இதில் தப்பவில்லை. 2014இல் நேச்சர் இதழில் வந்த மனிதப் புரதத்தொகுதி (மனித உடலின் எல்லாப் புரதங்களும்) வரைவுகளில், மூக்குக்கு வெளியே எளிதில் அகப்படாத மண உணரிப் புரதங்கள் கூட்டமாக இருந்ததை வேறு ஆய்வாளர்கள்தான் பிடித்தார்கள்.

மனிதத் தோலின் கெரட்டினையும் தேடலில் சேர்த்தார்களா என்றும் கேளுங்கள். சேர்க்காவிட்டால், மாதிரியைத் தொட்ட கையே கடலட்டைப் புரதமாகப் பதிவாகிவிடலாம்!

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் போதும்: எந்தத் தரவுத்தளம், எந்த மட்டம், எத்தனை பொய் வரிசைகள். பதில் தெரியாத பிள்ளையை நிராகரிக்க வேண்டாம். மாதிரியை ஓட்டித்தந்த ஆய்வுகூடத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். பொய் வரிசைகளோடு கூடிய முழுப் பட்டியலையும் கேட்டால் தருவார்கள். வழக்கமாக அதை வடிகட்டிவிட்டுத்தான் கோப்பை அனுப்புகிறார்கள்.