பம்ப் மறுபடி மறுபடி போனால் மெக்கானிக்கைத் திட்டுவதற்கு முன்...

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்காவில் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது, "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று ஒரு தம்பி என்னை நிறுத்தினார். புதுக்கோட்டைப் பக்கம், இங்கே வந்து 3 வருடம் ஆகிறது, எக்ஸ்கவேட்டர் (மண் தோண்டும் மெஷின்) மெக்கானிக்காக இருக்கிறார். அவர் மாட்டிய ஹைட்ராலிக் பம்ப் (எண்ணெயை அழுத்தத்தோடு அனுப்பி மெஷினை இயக்குவது) இரண்டாவது தடவையும் போய்விட்டதாம். ஒர்க்‌ஷாப்பில் பழுதுபார்த்து வந்த பம்ப், இவர் கழற்றி மாட்டியதோடு சரி. ஆனால் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும், "நீ ஒழுங்காக மாட்டவில்லை, இன்னொரு தடவை போனால் சம்பளத்தில் பிடித்துவிட்டு ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்று சொல்லியிருக்கிறார். தம்பி இரண்டு நாளாகத் தூங்கவில்லை. "நான் எங்க தப்பு பண்ணினேன்னு எனக்கே தெரியலண்ணே, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார்.

அங்கேயே நின்றபடி ஒரு மணி நேரம் அவருக்குச் சொன்னேன். இதே கேள்வியோடு துவாஸிலும் சுங்கை காடுட்டிலும் கிராஞ்சியிலும் எத்தனையோ தம்பிகள் இருக்கிறார்கள், அவர்களை வேலை வாங்கும் முதலாளிகளில் பலரும் தமிழர்கள்தான், இரண்டு பக்கமும் உங்கள் நாளிதழைப் படிக்கிறது, அதனால் இதை எழுதுகிறேன்.

22 வருடமாக இந்த ஊரில் ஹைட்ராலிக் வேலை பார்க்கிறேன். பழுதுபார்த்து வந்த பம்ப் சில வாரத்திலேயே மறுபடி கெட்டால், பெரும்பாலான நேரம் காரணம் பம்புக்குள் இருப்பதில்லை. அது மெஷினில் வேறு எங்கோ இருக்கிறது. அதைத் தேடாமல் பம்பை மட்டும் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் மூன்றாவது பம்பும் போகும், நான்காவதும் போகும்.

போன வருடம் துவாஸில் ஒரு கட்டுமானத் தளத்தில் 20 டன் எக்ஸ்கவேட்டர். மெயின் பம்ப் போய், பழுதுபார்த்து மாட்டினார்கள். 19ஆம் நாள் ஷாஃப்ட் சீல் (சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) வழியாக எண்ணெய் ஒழுகியது. சீலை மாற்றினார்கள். ஆறே நாளில் அதே இடத்தில் மறுபடி ஒழுகல். ஒர்க்‌ஷாப்காரர் மாட்டினவரைக் குறை சொல்ல, தளத்தில் இருந்தவர்கள் மட்டமான சீல் போட்டுவிட்டார்கள் என்று ஒர்க்‌ஷாப்பைக் குறை சொல்ல, இந்தச் சண்டையிலேயே ஒரு வாரம் போனது. அப்புறம் பம்பே இரும்புச் சத்தத்தோடு நின்றுவிட்டது. அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

போனதும் நான் கேட்டது, "கழற்றிய பழைய பாகங்கள் எங்கே?" எல்லாவற்றையும் பழைய இரும்போடு போட்டுவிட்டார்களாம். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். உடைந்த பாகத்தைப் பார்க்காமல் என்ன நோய் என்று எப்படிச் சொல்வது? பம்புக்குள் எண்ணெயைத் தள்ளும் பிஸ்டனின் நுனியில் இருக்கும் ஷூவின் அடிப்பரப்பு முழுக்கக் கோடு கோடாகக் கீறியிருந்தால் எண்ணெயில் அழுக்கு. எண்ணெய் உள்ளே வந்து வெளியே போகும் துளைகள் உள்ள வால்வ் பிளேட்டில் கரையான் அரித்த மாதிரி குழி குழியாக இருந்தால், எண்ணெய் போதுமான அளவு உள்ளே வராமல் பம்ப் வெற்றிடத்தை உறிஞ்சியிருக்கிறது. நீலமும் கறுப்புமாகச் சூடேறிய நிறம் இருந்தால் எண்ணெய் இல்லாமல் ஓடியிருக்கிறது. ஷூ பிஸ்டனின் குண்டுத் தலையில் கலகலவென்று ஆடினால் யாரோ பிடித்து இழுத்த மாதிரி அது இழுபட்டிருக்கிறது. முதல் தடவை திறந்தபோதே இதை ஒருவர் உட்கார்ந்து பார்த்திருந்தால் அடுத்த இரண்டு தடவை நடந்தே இருக்காது.

நல்லவேளையாக அங்கே இருந்த ஒரு மெக்கானிக் ஒரே ஒரு பிஸ்டனைத் தன் டூல் பாக்ஸில் போட்டு வைத்திருந்தார். அதன் ஷூ ஆடியது, ஆனால் அடிப்பரப்பில் கீறல் அதிகம் இல்லை. அதைப் பார்த்ததுமே கேஸ் டிரெயின் லைனைப் பார்க்கலாம் என்று சொன்னேன்.

இந்த வேலையில் இல்லாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். பிஸ்டன் பம்பில் அழுத்தம் ஏறும்போது கொஞ்சம் எண்ணெய் இடைவெளிகள் வழியாகப் பம்பின் கூட்டுக்குள் கசியும். அது குறை இல்லை, உள்ளே உரசும் இடங்களுக்கு அந்த எண்ணெய் தேவை. கசிந்தது ஒரு சின்ன ஹோஸ் வழியாக டேங்குக்குத் திரும்பிப் போக வேண்டும். அதுதான் கேஸ் டிரெயின். அந்த வழி அடைபட்டால் கூட்டுக்குள் அழுத்தம் ஏறும். ஷாஃப்ட் சீல் தாங்கக்கூடிய அழுத்தம் ரொம்பக் கம்மி, பல பம்புகளுக்கு கேஸ் அழுத்தம் 1 பாருக்குள் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) இருக்க வேண்டும், எப்போதாவது 2 பார் வரை போகலாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதைத் தாண்டினால் உலகத்திலேயே நல்ல சீலைப் போட்டாலும் ஒழுகும். அதோடு நிற்காது, கூட்டுக்குள் ஏறிய அழுத்தம் பிஸ்டனைப் பின்னாலிருந்து தள்ள, ஷூ தான் சறுக்கி ஓடும் சாய்வுத் தட்டான ஸ்வாஷ் பிளேட்டை விட்டு எழும்பும், எழும்பி எழும்பி அடிக்கும். நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்று ஓடும் பம்பில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அடி என்றால் எத்தனை நாள் தாங்கும்?

மறுபடி பழுதுபார்த்து வந்த பம்பை மாட்டிவிட்டு, டிரெயின் வாயில் அழுத்தம் காட்டும் கேஜ் வைத்தோம். ஐடிலில் (வேலை இல்லாமல் மெதுவாக ஓடும்போது) அரை பார்தான், சரியாகத்தான் இருந்தது. காலையில் ஐடிலில் விட்டுப் பார்த்தவர்கள் எல்லாம் நல்லா இருக்கு என்று சொன்னதில் ஆச்சரியம் இல்லை. நான் எண்ணெய் நன்றாகச் சூடாகும்வரை வேலை செய்ய விட்டு, முழு வேகத்தில் பக்கெட்டை லோடோடு இழுக்கச் சொன்னேன். முள் 4 பாரில் போய் நின்றது. அந்த ஹோஸைக் கழற்றினோம், வெளியே புதுசு மாதிரி இருந்தது. நீளவாக்கில் கத்தியால் பிளந்து பார்த்தால் உள் ரப்பர் ஓரிடத்தில் உரிந்து உள்நாக்கு மாதிரி தொங்குகிறது. எண்ணெய் மெதுவாகப் போகும்போது விலகி வழிவிடும், வேகமாக வரும்போது வழியை அடைத்துவிடும். நூறு வெள்ளிகூட ஆகாத ஹோஸ். அதற்காக ஒரு பம்பை மூன்று தடவை கழற்றியிருக்கிறார்கள், அதை மாட்டிய மெக்கானிக் மூன்று தடவையும் திட்டு வாங்கியிருக்கிறார்.

ஹோஸை மாற்றியதும் வேலை முடிந்துவிடவில்லை. பம்ப் உடையும்போது அதிலிருந்து வந்த வெண்கலத் தூளும் இரும்புத் தூளும் மெஷின் முழுக்கப் போயிருக்கும். "ஆயில் மாத்தியாச்சுண்ணே" என்றார்கள். எந்த ஆயில்? டேங்கில் இருந்த 130 லிட்டர். மீதி 100 லிட்டருக்கு மேல் சிலிண்டரிலும் ஹோஸிலும் கூலரிலும் அப்படியே இருக்கிறது, அந்தத் தூளோடு. புதுப் பம்ப் ஓடத் தொடங்கிய சில நிமிடத்திலேயே பழைய பம்பின் உடைசல் அதற்குள் போய்விடும். பிஸ்டனுக்கும் அது ஓடும் பிளாக்குக்கும் இடையே இருப்பது சில மைக்ரான்கள் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), நம் கண்ணுக்குத் தெரிகிற மிகச் சிறிய தூசியே 40 மைக்ரான் அளவு. அதனால் எண்ணெயைக் கையில் ஊற்றிப் பார்த்து சுத்தமாக இருக்கிறது என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. கூலரைக் கழற்றித் தனியாகக் கழுவ வேண்டும், டேங்கின் அடியைத் துடைக்க வேண்டும் (நூல் பிரியும் கந்தல் துணி வேண்டாம்), எல்லா ஃபில்டரையும் மாற்ற வேண்டும். டிரம்மில் வரும் புது எண்ணெய்கூட இந்தப் பம்புகளுக்குப் போதுமான சுத்தத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது, ஃபில்டர் வண்டி வழியாகத்தான் டேங்கில் விட வேண்டும். எண்ணெய் மாதிரியைச் சோதனைக்கு அனுப்பினால் ஐஎஸ்ஓ 4406 முறையில், எண்ணெயில் எவ்வளவு தூசித் துகள் இருக்கிறது என்று காட்டும் மூன்று எண்கள் வரும். பிஸ்டன் பம்புக்கு 18/16/13 அல்லது அதைவிடக் குறைவு இருந்தால் எனக்குத் திருப்தி.

பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள் தம்பிகளே. அறுத்து, மடிப்பைப் பிரித்து வெள்ளைத் துணியில் விரித்துப் பாருங்கள், காந்தம் காட்டுங்கள். ஒட்டுவது இரும்பு. ஒட்டாமல் மஞ்சளாக மின்னுவது வெண்கலம், ஷூவிலிருந்தோ பிளாக்கிலிருந்தோ வந்தது. கறுப்புத் துணுக்கு என்றால் எங்கோ ஒரு சீலோ ஹோஸோ உள்ளுக்குள் உரிந்துகொண்டிருக்கிறது. எங்கள் மெஷினிலும் அந்தக் கறுப்புத் துணுக்கு இருந்திருக்கும், யாரும் பார்க்கவில்லை.

தேக்காவில் பார்த்த தம்பியிடம் இன்னொன்று கேட்டேன், "பம்பை மாட்டியதும் கூட்டுக்குள் எண்ணெய் ஊற்றினாயா?" அவர் முகம் மாறிவிட்டது. இரவு 11 மணி, காலையில் மெஷின் ஓட வேண்டும் என்று அவசரப்படுத்தியிருக்கிறார்கள், டேங்கில் எண்ணெய் இருக்கிறதே என்று அப்படியே ஸ்டார்ட் பண்ணிவிட்டார். மேலே உள்ள பிளக்கைத் திறந்து சுத்தமான எண்ணெயால் கூட்டை நிரப்பாமல் ஓட்டினால் முதல் நிமிடத்திலேயே ஷூக்கள் காய்ந்த இரும்பில் உரசும். பம்ப் உடனே நிற்காது, இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் நிற்கும், அதனால் அந்த முதல் நிமிடத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நிரப்பிய பிறகும் ஐடிலில் லோடு இல்லாமல் ஒரு பத்து நிமிடம் விட்டு, காற்றை வெளியேற்றி, பிறகுதான் வேலை கொடுக்க வேண்டும். இது அந்தத் தம்பியின் தவறுதான், நான் மறைக்கவில்லை, அவரிடமே சொன்னேன். ஆனால் இதை அவருக்கு யாருமே சொல்லிக் கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

உறிஞ்சும் பக்கத்தையும் பாருங்கள். ஒரு டிசம்பர் மழையில், டேங்கின் பிரீதர் மூடி (காற்று போய்வரும் மூடி) வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும் என்று பயந்து ஒரு ஓட்டுநர் அதன்மேல் பிளாஸ்டிக் பை கட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் சிலிண்டர் நீளும்போது டேங்கில் எண்ணெய் மட்டம் இறங்கும், அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வர வழி இல்லாததால் பம்ப் கூழாங்கல்லைப் போட்டு அரைக்கிற மாதிரி சத்தம் போட்டது. பையை எடுத்ததும் சத்தம் நின்றது. அரித்த வால்வ் பிளேட் அரித்ததுதான்.

அழுத்தம் அளவு மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. பவர் இல்லை என்று யாராவது சொன்னதும் கேஜ் வைக்காமல் அரைச் சுற்று முறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அப்புறம், ஒழுகல் எங்கே என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. 300 பாருக்கு மேல் அழுத்தம் உள்ள லைனில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் எண்ணெய் தோலுக்குள் பாய்ந்துவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே தெரியாமல் இருக்கலாம், ஆனால் சில மணி நேரத்தில் விரலோ கையோ போய்விடக்கூடிய காயம் அது. வீட்டுக்குப் போய்த் தைலம் தேய்க்காமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், என்ன நடந்தது என்றும் சொல்ல வேண்டும்.

முதலாளிகளுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் என் வேண்டுகோள்: பம்பை ஒர்க்‌ஷாப்பிலிருந்து வாங்கும்போது டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள். எந்த அழுத்தத்தில் எத்தனை லிட்டர் வந்தது, கேஸ் டிரெயினில் எவ்வளவு கசிந்தது என்று அதில் இருக்க வேண்டும். லோடு இல்லாமல் சோதித்தால் தேய்ந்த பம்பும் முழு அளவு எண்ணெய் கொடுக்கும், அழுத்தம் ஏற்றும்போதுதான் உள்ளே கசிவது தெரியும். பழைய பாகங்களையும் பையில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். மெக்கானிக்குக் காரணம் தேட அரை நாள் கொடுங்கள். எங்கள் துவாஸ் மெஷினில் ஹோஸைக் கண்டுபிடிக்க எனக்கு ஆன நேரம் 5 மணி. அது இன்றுவரை அதே பம்பில் ஓடுகிறது.

சம்பளத்தில் பிடிப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். வேலை நியமனச் சட்டப்படி, ஊழியரிடம் ஒப்படைத்த பொருள் சேதமானால் அது அவருடைய தவறுதானா என்று விசாரித்து, அவர் விளக்கம் சொல்ல வாய்ப்பும் கொடுத்த பிறகுதான் பிடிக்க முடியும். அப்படியே பிடித்தாலும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. ஒர்க் பெர்மிட்டில் வந்தவர்களுக்கும் இது பொருந்தும். காரணத்தையே கண்டுபிடிக்காமல் எப்படி விசாரிப்பீர்கள்? தம்பியிடம் மனிதவள அமைச்சைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், ஆனால் அவர் முதலில் சூப்பர்வைசரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார், கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கி வைப்பதாகவும் சொன்னார்.

ஆசிரியர் அவர்களே, கட்டுமானப் பாதுகாப்புப் பயிற்சியை இந்தத் தம்பிகள் தமிழிலேயே படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். ஆனால் இயந்திரப் பழுதை எப்படித் தேடுவது என்று தமிழில் படிக்க அவர்கள் கையில் ஒன்றும் இல்லை, மேனுவல் எல்லாம் ஆங்கிலத்திலோ ஜப்பானிய மொழியிலோ இருக்கிறது. உங்கள் நாளிதழில் மாதம் ஒருமுறை அரைப் பக்கம் இதற்கு ஒதுக்க முடியுமா? கேஸ் டிரெயின் அழுத்தத்தை எங்கே, எப்படி அளப்பது என்பதைப் படத்தோடு முதல் கட்டுரையாக நானே எழுதித் தருகிறேன், பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஹைட்ராலிக் மெக்கானிக் ஒருவர்,
ஜூரோங் வெஸ்ட்