குதிகால் பட்ட கோடு

மாப்பிள்ளை,

ஆறு மாதமாகப் பதில் போடாதது என் தப்புதான். வீட்டில் எல்லோரும் நலம். மாங்காய் இந்தத் தடவை சுமார். ஒரு பெட்டி அனுப்புகிறேன், திட்டாமல் சாப்பிடு.

விஷயம் வேறு. போன ஞாயிறு கிருஷ்ணகிரியில் ஒரு பாஸ்கெட்பால் மேட்ச்சுக்கு விசில் அடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். கடைசி நிமிடம், ஒரு பாயின்ட் வித்தியாசம். மஞ்சள் பனியன் பையன் சைடு லைனை ஒட்டிப் பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறான். நீலப் பையன் குறுக்கே வந்து இரண்டு காலையும் ஊன்றி நின்றான். லேசான உரசல். பந்து நீலத்தின் முழங்காலில் பட்டு, திரும்பி மஞ்சளின் காலில் பட்டு வெளியே போனது.

பந்து வைத்திருந்தவன் இடித்துவிட்டான், “சார்ஜிங்!” என்று ஒரு பக்கம் கத்தல்; மறித்தவன் தப்பாக மறித்தான், “பிளாக்கிங்!” என்று மறுபக்கம். நான் இரண்டும் கொடுக்கவில்லை. பந்து வைத்திருப்பவனை மறிக்க நேரமோ தூரமோ விட வேண்டியதில்லை, முதலில் இடம் பிடித்தால் போதும். உரசலால் யாருக்கும் லாபமும் இல்லை. இதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை.

அப்புறம் கடைசியாகப் பட்டது மஞ்சள் என்று பந்தை நீலத்துக்குக் கொடுத்தேன். அங்கேதான் கோட்டைவிட்டேன். நீலப் பையனின் குதிகால் கோட்டின் மேல் இருந்தது. வாலிபாலில் கோடு உள்ளே, இங்கே கோடு வெளியே. முழங்காலில் பட்ட நொடியே பந்து அவுட், அனுப்பியவன் அவன். அதன் பிறகு எவன் காலில் பட்டால் என்ன? த்ரோ-இன், அதாவது வெளியிலிருந்து பந்தை உள்ளே எறியும் வாய்ப்பு, மஞ்சளுக்குப் போயிருக்க வேண்டும். மஞ்சள் அந்த ஒரு பாயின்டிலேயே தோற்றது.

நீ சிரிப்பாய். பள்ளியில் கோட்டுக்கு வெளியே நின்ற நெட்டையனைத் தொட்டதற்கே என்னை அவுட் என்று நாள் பூராவும் சண்டை போட்டவன் நீ. ஆளைத் தொட்டால் அவுட் இல்லடா, தரையையோ வேறு பொருளையோ தொட்டால்தான்! பி.டி. மாஸ்டர் நம்மை ஓடவிட்ட பத்து ரவுண்டு இன்னும் காலில் வலிக்கிறது.

1891-இல் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, வெளியே போன பந்தை முதலில் தொட்டவனே உள்ளே எறிவான். அடிதடி நடந்திருக்கும், ஆனால் ரெஃபரிக்குத் தூக்கம் கெட்டிருக்காது.

மேட்ச் முடிந்து கிளம்பும்போது மஞ்சள் பையன் பக்கத்தில் வந்து, “சார், அவன் கால் லைன்ல இருந்துச்சு” என்றான். சத்தமே இல்லாமல். “போப்பா” என்று அனுப்பிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்த பிறகுதான் உறைத்தது.

வருகிற ஞாயிறும் அங்கே போகிறேன். அவனைத் தேடிப் போய்ச் சொல்லட்டுமா, இல்லை அவனுடைய கோச்சிடம் சொல்லட்டுமா? போன் பண்ணாதே, நீ கத்துவாய். எழுது.

உன்
குள்ளன்