பிந்திய பிரதி என்று தள்ளலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு வாரமலரில் கிரேக்க விவிலியச் சுவடிகள் பற்றி வந்த கட்டுரை, 10ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்ட பிரதிகளைப் பயனற்றவை என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. இது தவறு. சுவடியின் வயது வேறு, அதிலுள்ள பாடத்தின், அதாவது எழுதப்பட்டுள்ள வாசகத்தின், வயது வேறு. ஏடுகளை அறிந்த யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது அவருக்குச் சங்ககாலத்து ஓலையா கிடைத்தது? பிற்காலப் பிரதிகளை ஒப்புநோக்கித்தான் பதிப்பித்தார்.

கிரேக்கத்தில் நல்ல சான்று, சுவடிப் பட்டியலில் 13, 69, 124, 346 ஆகிய எண்களையுடைய நான்கு நற்செய்திப் பிரதிகள். 11 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை எழுதப்பட்டவை; பாரிஸ், லெஸ்ரர், வியன்னா, மிலான் என நாலு ஊர்களில் இருப்பவை. டப்ளின் பேராசிரியர் வில்லியம் ஃபெரார் 1868இல் இவை தொலைந்துபோன ஒரே தாய்ப்பிரதியின் வழிவந்தவை எனக் கண்டார். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் வரலாறு வழக்கமாக யோவான் நற்செய்தியின் 8ஆம் அதிகாரத்தில் வரும். இந்தப் பிரதிகளிலோ அது லூக்கா 21:38க்குப் பின்னால் நிற்கிறது. நாலு எழுத்தர்கள் தனித்தனியே இப்படி இடம் மாற்றியிருக்க முடியாது. உறவைக் காட்டுவது இத்தகைய அபூர்வமான ஒற்றுமைதான். ஒரே சொல்லில் முடியும் இரண்டு வரிகளுக்கிடையே கண் தாவி நடுவிலுள்ளது விடுபடுவதும், ஒலி ஒன்றாகிப்போன உயிரெழுத்துகளை மாற்றி எழுதுவதும் எவருக்கும் நேரும். அவற்றை மட்டும் வைத்து உறவு சொல்லக்கூடாது.

விடுபட்டது எழுத்தரின் தவறா, ஏடு தொலைந்ததா என்பதைப் பிரதி எழுதப்பட்ட விலங்குத் தோலே சொல்லும். நாலு தோல்தாள்களை நடுவில் மடித்தால் 8 ஏடுகள் கொண்ட ஒரு கட்டு. மயிர் இருந்த பக்கம் மஞ்சளாக, மயிர்க்கால் புள்ளிகளோடு இருக்கும், தசைப்பக்கம் வெளுப்பு. விரித்தால் மயிர்ப்பக்கம் மயிர்ப்பக்கத்தையும் தசைப்பக்கம் தசைப்பக்கத்தையும் எதிர்நோக்க வேண்டும். ஒன்று மஞ்சள், எதிரே வெளுப்பு என்றால் இடையில் ஏடு போயிருக்கக்கூடும். கட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். வழவழப்பான தசைப்பக்கத்தில் மை நன்றாகப் பிடிக்காது, செதிளாக உதிரும். அங்கே எழுத்து மங்கியிருந்தால் யாரோ அழித்துவிட்டதாக உடனே முடிவுகட்ட வேண்டாம்; உதிர்ந்த இடத்திலும் பெரும்பாலும் தடம் மிஞ்சும்.

இனி இவ்விடயம் எழுதும்போது பிரதியின் எண், இருக்கும் நூலகம், நூற்றாண்டு, அதிலுள்ள நூல்கள் ஆகிய நான்கையும் தவறாமல் தாருங்கள். எண் வயதைக் குறிப்பதல்ல, பட்டியலில் சேர்ந்த வரிசை மட்டுமே. பூச்சியத்தில் தொடங்கினால் பெரிய எழுத்துகளில் எழுதிய பேரெழுத்துப் பிரதி, வெறும் எண்ணானால் சிறிய எழுத்துகளில் எழுதிய சிற்றெழுத்துப் பிரதி. எண் கையில் இருந்தால், ஜேர்மனியின் மூன்ஸ்டர் ஆய்வு நிறுவனத்தின் இணையத்தளத்தில் பல பிரதிகளின் படங்களை வாசகர்கள் தாமே திறந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
வாசகர், நல்லூர்