கை பழகும் வேலைகள் எங்கே போயின?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி படம் வரைவதால் ஓவியர் பிழைப்பு கெடுகிறது என்று ஒரு சாராரும், தூரிகையைப் போல அதுவும் ஒரு கருவிதானே என்று மற்றொரு சாராரும் வாதிட்டு வருகிறார்கள். கை பழகுவதற்கென்று இருந்த சில்லறை வேலைகளைப் பற்றி இரு தரப்பாரும் பேசுவதில்லை.

நம் திருநெல்வேலிச் சீமையில் ஓவியத்தைக் கூலி வேலையோடு சேர்த்துக் கற்றவர்களே அதிகம். காலண்டர் ஓவியர் கொண்டையராஜு (1898-1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர்தாம். ஆனால் நாடகத் திரைச்சீலை எழுதிக்கொண்டிருந்த அவர் கோவில்பட்டியில் தங்கிய பின், அவரிடம் வந்து சேர்ந்த இளைஞர்களுக்கு அவருடைய பட்டறையே பள்ளிக்கூடமாயிற்று. ஆசிரியரும் சீடரும் சேர்ந்து கையொப்பமிட்ட தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடுதோறும் தொங்கின.

சுவர் எழுதுபவர்களும் இப்படித்தான் வளர்ந்தார்கள். புதிதாக வந்த பையன் முதலில் சுண்ணாம்படிப்பான். பிறகு நூலில் வண்ணப்பொடி தடவிச் சுவரில் கோடு அடிப்பான். பின்னர், சிறு படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைச் சுவரில் பெரிதாக்கி வரையப் பழகுவான். முகத்தைத் தொட அவனை விடுவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். அதுவரை அவனுக்குக் கிடைத்த கூலி சொற்பம் என்றாலும் கூலிதான்.

ஃபிளெக்ஸ் அச்சு வந்தபோது இந்த வேலைகளில் பெரும்பகுதி போயிற்று. ஆயினும், கணினிக்கு மாறிய ஓவியர்கள் எழுத்தின் தடிப்பையும் இடைவெளியையும் தம் கண்ணாலேயே தீர்மானித்தார்கள். ஆகவே கணினியே பகை என்று நான் சொல்ல மாட்டேன். 2022-க்குப் பின் பரவிய, சொன்னதை வரைந்து தரும் செயலிகளோ அந்தத் தீர்மானத்தையும் தாமே எடுத்துக்கொள்கின்றன. ஆனித் திருவிழாவுக்கு வைத்திருந்த ஒரு பதாகையில் அம்பாளின் அபய கரத்தில் ஆறு விரல்கள். தேர்ச் சக்கரங்களுக்கு அச்சே இல்லை. கடைப் பையனிடம் கேட்டேன். “ரெண்டு நிமிஷத்துல வந்துரும் அண்ணாச்சி, யாரு எண்ணிப் பாக்கா?” என்றான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. விரலை வரைந்து பழகாதவனுக்கு விரல் கண்ணில் படாது.

இச்செயலிகள் இணையத்தில் திரட்டிய கோடிக்கணக்கான படங்களைக் கொண்டு பயிற்றப்பட்டவை. அவற்றை வரைந்தவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. நமது பதிப்புரிமைச் சட்டமோ, கணினி வழி உருவான படைப்புக்கு, அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்கிறது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த இந்த விதி இன்றைய நிலைக்குப் போதாது என்பது என் கருத்து.

சட்டம் மாறும்வரை காத்திராமல் உள்ளூரிலேயே செய்யக்கூடியவை உண்டு. மாநகராட்சியும் அரசுத் துறைகளும் விழிப்புணர்வுச் சுவரோவியங்களை உள்ளூர் ஓவியர்களுக்கே கொடுத்து, ஒவ்வொருவரும் பழகுநர் ஒருவரையாவது கூலியோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை வைக்கலாம். தங்கள் நாளிதழும், கணினி உருவாக்கிய படத்தை வெளியிட நேர்ந்தால் அதன் கீழே அவ்வாறே குறிப்பிட வேண்டும். ஞாயிறு இணைப்பின் கதைகளுக்கேனும் இப்பகுதி இளம் ஓவியர்களிடம் படம் கேட்டு வாங்கி, உரிய சன்மானம் அளிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.