பாறுகளைப் பார்க்காமலேயே உதவியவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இந்த மார்ச் மாதத்தோடு நம் அறக்கட்டளையின் பொருளாளர் பொறுப்பிலிருந்து விடைபெறுகிறேன். அறங்காவலர் குழுவில் யாரும் இரண்டு பதவிக்காலத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று நாமே எழுதி வைத்த விதி. இப்போது என் முறை. கடைசிக் கூட்டத்தில் பேச எனக்குச் சில நிமிடங்கள் கொடுத்தார்கள். வங்கி வேலையிலேயே காலம் தள்ளியவளுக்கு அதற்குள் கணக்கு முடியுமா? விட்டுப்போன பெயர்கள் நிறைய. பெயர் சொன்னால் சங்கடப்படுகிறவர்களும் அவர்களில் உண்டு என்பதால், பெயர் இல்லாமலே இந்த மடலை எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்பது அவரவருக்குத் தெரியும்.

நம்மைப் பற்றித் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு வார்த்தை. நீலகிரி மலைக்கு வடக்கே, முதுமலையையும் சத்தியமங்கலத்தையும் ஒட்டி நீள்கிற மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், இன்னும் வாழ்கின்றன. வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு என நான்கு வகை. வெண்முதுகுப் பாறு ஆற்றோரத்து நீர்மத்தி மரங்களில் கூடு கட்டும், ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை வைக்கும். இந்தப் பறவைகளுக்காகக் கோவையிலிருந்து இயங்கும் சின்ன அமைப்பு நம்முடையது. களப்பணியாளர்களுக்கு மட்டும்தான் சம்பளம். குழுவில் உள்ள எல்லோரும் தன்னார்வலர்கள். கூட்டத்துக்கு வந்தால் டீயும் போண்டாவும் கிடைக்கும், அதற்கும் பல சமயம் தலைவர்தான் தன் பையிலிருந்து கொடுப்பார்.

“காட்டுக்குள்ள நல்லாச் சுத்தியிருப்பீங்களே!” என்று சொந்தக்காரர்கள் பொறாமையோடு கேட்பார்கள். நான் அதிகம் சுற்றியது ஆடிட்டர் அலுவலகத்தையும் மருந்துக் கடைகளையும்தான். பாறுகள் அழிந்த கதை தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. வேட்டையாடி யாரும் கொல்லவில்லை. மாட்டுக்கு வலி தெரியாமல் இருக்கப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசிதான் காரணம் என்று பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் காட்டியது. ஊசி போட்ட மாடு சில நாட்களுக்குள் இறந்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் செயலிழந்துவிடும். உள்ளுறுப்புகள் மேலெல்லாம் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியது போலப் படிந்து கிடக்கும். நூறு மாட்டுப் பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இத்தனை அழிவுக்குப் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு பிணத்தில் கூட்டமாக விழுந்து தின்கிற பறவை அல்லவா!

கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கை 2006இல் இந்திய அரசு தடை செய்தது. தடை வந்தபின் மனிதர்களுக்கான 30 மில்லி குப்பி மாட்டுக்குப் போக ஆரம்பித்தது. 2015இல் அதையும் 3 மில்லிக்குக் குறைத்தார்கள். மருந்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2017இல் நீதிமன்றம் அரசின் உத்தரவு செல்லும் என்றது. அந்த வழக்கில் நமக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு கையில் இல்லாமல் நாம் எந்தக் கடைப்படியும் ஏறியிருக்க முடியாது. அதற்காக உழைத்த வழக்கறிஞர்களுக்கும் அறிவியலாளர்களுக்கும் முதல் வணக்கம்.

அடுத்தது மருந்துக் கடைக்காரர்கள். மேட்டுப்பாளையம் தொடங்கி சத்தி வரை, பழைய சரக்கை எடுத்துக் கொடுத்துவிட்டு “இனிமேல் வாங்க மாட்டோம்” என்று சொன்னவர்கள். சும்மா சொல்லிவிடவில்லை. ஒருவர் நேராகவே கேட்டார்: “மேடம், நான் விக்கலீன்னா பக்கத்துக் கடையில வாங்கிக்குவாங்க. எனக்குத்தானுங்க நட்டம்?” என்னிடம் பதில் இல்லை. அவரே இரண்டு வாரம் கழித்துப் பக்கத்துக் கடைக்காரரையும் அழைத்துக்கொண்டு நம் கூட்டத்துக்கு வந்தார். இருவரும் சேர்ந்து நிறுத்தினால் யாருக்கும் நட்டமில்லை என்பது அவர்கள் கண்டுபிடித்த வழி. அதன் பிறகு மற்ற ஊர்களில் நாம் கடைக்காரர்களைத் தனித்தனியாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரே தெருவில் உள்ளவர்களைச் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தோம். இதை எந்தப் பயிலரங்கிலும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அண்ணா, உங்கள் கடை வாசலில் நின்று நன்றி சொன்னால் வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்பீர்கள். இங்கே சொல்லிவிட்டேன்.

கடைகளில் என்ன விற்கிறது என்று கண்டுபிடிக்க, மாடு வைத்திருப்பவர் போலப் போய் “மாடு நொண்டுது, ஏதாவது ஊசி கொடுங்க” என்று கேட்க வேண்டும். இந்த வேலையைச் செய்தவர்கள் கல்லூரி மாணவர்கள். முதலில் போன பையனிடம் கடைக்காரர் “ஜெர்சியா, நாட்டு மாடா? எத்தனை லிட்டர் கறக்குது?” என்று கேட்க, பையன் “எருமைங்க” என்று உளறிவிட்டுத் திரும்பி வந்தான். அப்புறம் ஒரு பால்காரம்மாவிடம் எல்லோரையும் பாடம் கற்கச் சொல்லி அனுப்பினோம். கறவை, சினை, மடிவீக்கம் எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் கொண்டுவந்த ரசீதுகளும் குப்பிகளும் இல்லையென்றால், அதிகாரிகள் முன்னால் நாம் வெறும் வாயால்தான் பேசியிருப்போம். 2023இல் அசெக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் என்ற இன்னும் இரண்டு வலிமருந்துகள் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை செய்யப்பட்டபோது, எந்தக் கடையில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் ஏற்கெனவே நம் கையில் இருந்தது. (அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. பெயரை மாற்றிக்கொண்டு அதே ஆள் திரும்பி வந்த கதை.)

கால்நடை மருத்துவர்கள், ஆய்வாளர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு. டைக்ளோஃபெனாக்குக்கு மாற்றான மெலாக்சிகாம் என்ற வலிமருந்து பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று நாம் துண்டறிக்கை அடித்தோம், சரி. ஆனால் மாடு கத்திக்கொண்டிருக்கும்போது, “பழைய ஊசிதான் சீக்கிரம் கேட்கும், அதையே போடுங்க” என்று சொல்கிற விவசாயியிடம் நின்று பேசியவர்கள் நீங்கள். உங்களில் ஒருவர் தன் பையில் டைக்ளோஃபெனாக்கே வைத்திருப்பதில்லை. கேட்டால் “தீர்ந்துபோச்சு” என்பாராம். பொய்தான். அந்தப் பொய்க்கும் நன்றி.

மாயாற்றுக் கரை ஊர்களின் மாட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மடலுக்கு அர்த்தமே இல்லை. அங்கே பட்டி போட்டு மாடு வளர்க்கிறவர்களுக்குப் புலியால் வருகிற நட்டம் நகரத்தில் உட்கார்ந்திருக்கிற நமக்குப் புரியாது. பால் கறக்கிற மாட்டைப் புலி அடித்துப் போட்டால் அந்த வீட்டின் மாத வருமானமே போய்விடும். கோபத்தில் பிணத்தின்மேல் பூச்சிமருந்து தெளித்தால், திரும்பி வருகிற புலியும் சாகும், மேலிருந்து பார்த்துவிட்டு இறங்குகிற பாறுகளும் கூட்டமாகச் சாகும். 2023 செப்டம்பரில் அவலாஞ்சி அருகே இரண்டு புலிகள் அப்படித்தான் செத்தன. நம் பகுதியில் மாடு இழந்த பலர், இழப்பீட்டுப் பணம் வருமா வராதா என்று தெரியாத நிலையிலும் மருந்தைத் தொடாமல் இருந்தார்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது, போட்டோ எடுத்தது, பணம் வரும்வரை ரேஞ்ச் ஆபீஸுக்கு நடந்தது எல்லாம் நம் களப்பணியாளர்கள். கோபத்தை அடக்கிக்கொண்டது மட்டும் மாட்டுக்காரர்கள். இரண்டில் எது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும் நன்றி. நீங்கள் சொல்லாமல் எந்தக் கூடும் நமக்குத் தெரிந்திருக்காது.

இனி என் துறைக்கு வருகிறேன். பணம்.

காட்டுயிர் அமைப்புக்கு நன்கொடை தருபவர்கள் பெரும்பாலும் விலங்கைப் பார்க்க ஆசைப்படுவார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் கூடு இருக்கிற மரத்துக்குப் பக்கத்தில் நாம் யாரையும் கூட்டிப்போவதில்லை. “பணம் கொடுங்கள், ஆனால் காட்ட மாட்டோம்” என்று சொல்லித்தான் வசூல் செய்தோம். அப்படிச் சொல்லியும் கொடுத்தவர்கள் நீங்கள். மாதம் நூறு ரூபாய் அனுப்பிய ஆசிரியைகள், பிறந்தநாள் விருந்தை நிறுத்திவிட்டு அனுப்பிய தம்பதி, “பேர் போட வேண்டாம், பெட்ரோலுக்கு வெச்சுக்குங்க” என்று எழுதிய திருப்பூர்க்காரர். அந்தக் கடைசி வரியின் அருமை பொருளாளராக இருந்தவர்களுக்குத்தான் தெரியும். பலகை வைக்க, பை அச்சடிக்க எல்லோரும் தருவார்கள். பெட்ரோலுக்கும் தணிக்கைக் கட்டணத்துக்கும் தர ஆளே இருக்காது.

ஒரு முதியவர் செங்கல்பட்டிலிருந்து ஆண்டுதோறும் காசோலை அனுப்புவார். திருக்கழுக்குன்றத்தில் உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போவதைச் சிறுவயதில் பார்த்தவர். அங்கே வந்தவை மஞ்சள்முகப் பாறுகள். தொண்ணூறுகளோடு அவை வருவது நின்றுபோனது. “அதுங்க போன இடத்துக்கு அனுப்புறேன்னு நினைச்சுக்குங்க” என்று ஒருமுறை போனில் சொன்னார். மாயாற்றுக்கு அவர் வந்ததே இல்லை.

இங்கே குழுவினரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கையிருப்பு வற்றிப்போன ஓர் ஆண்டில் ஒரு விடுதி நிறுவனம் பெரிய தொகை தர முன்வந்தது. பதிலுக்குத் தங்கள் விருந்தினர்களைக் கூடு பார்க்க அழைத்துப்போக வேண்டும் என்றது. கணக்கை மேசையில் வைத்தேன். களப்பணியாளர் சம்பளத்துக்கு எத்தனை மாதம் தாங்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. கூட்டம் இரவு வரை இழுத்தது. நம் குழுவில் இருக்கிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கடைசியில் சொன்னார்: “ஒரே முட்டை வைக்கிற பறவை. பயந்து எழுந்து பறந்துட்டா அடுத்த வருஷம்தான்.” தீர்மானப் புத்தகத்தில் “ஏற்க இயலாது” என்று எழுதினோம். அடுத்த சில மாதங்கள் சம்பளத்துக்குக் குழு உறுப்பினர்களே பங்கு போட்டார்கள். யாரும் யாரிடமும் எவ்வளவு என்று கேட்கவில்லை. எனக்கு மட்டும் தெரியும், நான் சொல்லப்போவதில்லை.

ஆடிட்டருக்கும் அவர் அலுவலகப் பிள்ளைகளுக்கும்: அறக்கட்டளைகளுக்கான வருமான வரிப் பதிவுகளான 12ஏ, 80ஜி இரண்டையும் புதுப்பிக்க வேண்டும் என்று 2021இல் புது விதி வந்தபோது, நாங்கள் எல்லோரும் திகைத்து நின்றோம். படிவத்தை நிரப்புவதும் திருப்பி அனுப்பியதை மறுபடி நிரப்புவதும் நீங்கள். கட்டணம் கேட்டால் “அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்பீர்கள். அந்த அடுத்த வருஷம் இன்னும் வரவில்லை. 80ஜி இல்லாவிட்டால் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடையாது, நமக்குப் பாதி நன்கொடை கிடையாது. ஒரு பறவை நீர்மத்தி மரத்தில் உட்கார்ந்திருக்க, அதற்கு வருமான வரித்துறையின் படிவம் எவ்வளவு வேண்டியிருக்கிறது!

இதற்கெல்லாம் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றும் சேர்ந்து 2023 பிப்ரவரியில் எடுத்த கணக்கில் 246 பாறுகள், அதே ஆண்டு டிசம்பரில் 320. எண்ணும் இடங்கள் கூடினால் எண்ணிக்கையும் கூடும் என்பதால், அத்தனையும் புதிதாகப் பிறந்தவை என்று சொல்ல மாட்டேன். வங்கிக்காரியின் எச்சரிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். குறையவில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

என் வீட்டுக்காரருக்கு: ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டியதற்கும், மருந்துக் கடை வாசல்களில் வெயிலில் காத்திருந்ததற்கும் நன்றி. அவருக்கு இன்றுவரை வெண்முதுகுப் பாறுக்கும் கருங்கழுத்துப் பாறுக்கும் வித்தியாசம் தெரியாது. கேட்டால் “நான் டிரைவர்தானே” என்கிறார்.

புதிய பொருளாளர் ஏப்ரல் 1 முதல் பொறுப்பேற்கிறார். வங்கியில் கையெழுத்து மாற்றும் வேலை முடிந்துவிட்டது. இந்த நிதியாண்டில் நன்கொடை தந்தவர்களுக்கு, வரிச்சலுகை கேட்க வேண்டிய 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் மே 31க்குள் வரும். பான் எண் அனுப்பாதவர்கள் இப்போதே அனுப்பிவிடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிச்சலுகை கிடையாது என்பதை எத்தனையாவது முறையாகவோ சொல்லிவிட்டேன். இனி அவர் சொல்வார். கணக்குப் புத்தகங்கள், தீர்மானப் புத்தகம், அலமாரிச் சாவி மூன்றும் தலைவர் வீட்டில் இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் முன்னாள் பொருளாளர்