எழுத்தை எழுத்தாகவே போடு

அன்பு மகளுக்கு,

நீயும் உன் தோழிகளும் தொடங்கிய கம்பெனியின் இணையதளத்தை முதலில் எங்களுக்கு அனுப்பினாயே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். படங்களைப் பார்த்ததுமே உன் கை என்று தெரிந்துவிட்டது. ஒன்றுதான் மனதை உறுத்துகிறது. விலைப்பட்டியல், முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் அழகாக எழுதி ஒரே படமாகப் போட்டிருக்கிறாய். அம்மா அந்த நம்பரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், கால் போகவில்லை.

1999-ல் நம் முருகன்குறிச்சிக் கடைக்கு நானும் இதைத்தான் செய்தேன். கல்யாணப் பத்திரிகை டிசைனும் போர்டு எழுத்தும்தான் அப்போது நமக்குத் தொழில். அன்றைக்கு வேறு வழியும் இல்லை அம்மாடி. ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டருக்குள் ஒரு எண் உண்டு, அதுதான் குறியீடு. தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியீட்டில் இருந்தன. நாம் போட்ட எழுத்துரு பார்க்கிறவர் கம்ப்யூட்டரில் இல்லையென்றால், புரியாத குறிகள்தான் வரிசையாக நிற்கும். அந்த பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடிப் பொதுவான குறியீடு வகுத்தும், அது எல்லா கம்ப்யூட்டருக்கும் வந்து சேரவில்லை. அதனால் போர்டு எழுதும் மாமா கடைப்பெயரைச் சார்ட்டில் எழுதித் தர, நான் ஸ்கேன் செய்து ஜிஃப் படமாக்கினேன். பிரஷில் அவர் இழுத்த ழகரத்தின் சுழி அவ்வளவு வழவழப்பாக இருக்கும். திரையில் அது பல் பல்லாகத் தெரிந்தது. பெரிதாக்கி, புள்ளி புள்ளியாக இரண்டு ராத்திரி திருத்தினேன். படம் 40 கேபி. மோடத்தில் நொடிக்கு மூன்று, நான்கு கேபி வந்தாலே அதிகம். கடைப்பெயர் தெரியவே பத்து நொடிக்கு மேல் ஆகும்.

அதுகூடப் போகட்டும். பிறகு நம் ஊர் தொலைபேசி எண்களுக்கு முன்னால் 2 சேர்த்தார்கள். நம் நம்பரோ படத்துக்குள் இருந்தது. மூலப்படம் இருந்த ஃபிளாப்பி பூஞ்சை பிடித்துத் திறக்கவில்லை. புதிதாக எழுதிப் போடும்வரை பழைய நம்பரே தளத்தில் கிடந்தது. எத்தனை பேர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார்களோ, இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

உனக்கு அந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. எல்லாருக்கும் பொதுவான குறியீடாக யூனிகோடு இருக்கிறது, எந்தப் போனிலும் தமிழ் தெரியும். கம்பெனிப் பெயரும் ஓவியமும் படமாகவே இருக்கட்டும், அது உன் தொழில். மற்றதை எழுத்தாகத் தட்டச்சு செய். தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும், விலை ஏறினால் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். அப்புறம், பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிற பாளையங்கோட்டையில் வளர்ந்தவள் நீ. எழுத்தாக இருந்தால் போன் அவர்களுக்கு வாசித்துக் காட்டும். ஒவ்வொரு ஓவியத்துக்கும் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதி வை.

நம்பரை எழுத்தாக மாற்றியதும் சொல்லு. முதல் கால் தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று அம்மா காத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா