செய்முறைத் தேர்வு எடுக்க வரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பதினொன்றாம் வகுப்பில் தனி ஊசல் சோதனையை நான் தலைகீழாகச் செய்தேன். புவியீர்ப்பு முடுக்கத்துக்கான விடையாக 9.8 என்று முதலில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நேரங்களை நிரப்பினேன். எல்லாம் ஒன்றுபோல இருந்தால் சந்தேகம் வருமே என்று ஒன்றிரண்டு ரீடிங்கைக் கொஞ்சம் கலைத்தும் வைத்தேன். வேதியியலிலும் இதே கதைதான்: கரைசலை அளக்கும் பியூரெட் குழாயை மூன்றாவது முறை நிரப்பியதே இல்லை, இரண்டாவது ரீடிங்கே மூன்றாவதாகவும் ரெக்கார்டு நோட்டில் ஏறியது. முழு மதிப்பெண் வாங்கினேன். பக்கத்து மேசையில் நிஜமாகவே ஊசலை ஆட்டி, வந்ததை வந்தபடி எழுதிய நண்பனுக்குச் சிவப்புச் சுழியும் ‘மறுபடி செய்’ என்ற குறிப்பும் கிடைத்தன.

ஆங்கில இயற்பியலாளர் ரேலே பிரபுவுக்கும் இப்படிப் பொருந்தாத ரீடிங் வந்தது. 1890-களின் தொடக்கத்தில் அவர் நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் அவருடைய கண்ணாடிக் குடுவையில் சுமார் 2.310 கிராம் இருந்தது. வேதிச் சேர்மங்களிலிருந்து எடுத்ததோ 2.299 கிராம். வித்தியாசம் 11 மில்லிகிராம். நானாக இருந்தால் சராசரி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவரோ, வித்தியாசம் இதைவிடச் சிறியதாகத் தெரிந்த 1892-லேயே ‘நேச்சர்’ அறிவியல் இதழுக்குக் கடிதம் எழுதி, எனக்கு ஒன்றும் புரியவில்லை, வேதியியல் தெரிந்தவர்கள் காரணம் சொல்லுங்கள் என்று கேட்டார்.

காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தும் பார்த்தார். சேர்ம நைட்ரஜனில் இலேசான ஹைட்ரஜன் கலந்திருக்குமோ? வேண்டுமென்றே ஹைட்ரஜனைக் கலந்து, வழக்கம்போலச் சுத்திகரித்து நிறுத்தார், எடை மாறவில்லை. நைட்ரஜன் மூலக்கூறுகள் உடைந்திருக்குமோ? வாயுவில் மின்சாரம் செலுத்தியும், எட்டு மாதம் வைத்திருந்தும் மறுபடி நிறுத்தார், அப்போதும் மாறவில்லை. கடைசியில் காற்றிலேயே தெரியாத வாயு ஒன்று இருக்கிறது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். வேதியியலாளர் வில்லியம் ராம்சேயும் அதையே தேடினார். 1894-இல் இருவரும் அறிவித்த அந்த வாயுதான் ஆர்கான். நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கிட்டத்தட்ட நூற்றில் ஒரு பங்கு. எதனோடும் சேராததால் கிரேக்கத்தில் ‘சோம்பேறி’ என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். 1785-லேயே ஆங்கில விஞ்ஞானி கேவண்டிஷ், காற்றிலுள்ள நைட்ரஜனைச் சோதித்தபோது தன் சோதனைக் குழாயில் கடைசிவரை கரையாமல் நின்ற சின்னக் குமிழியைக் கவனித்து, மொத்த நைட்ரஜனில் 120-இல் ஒரு பங்குக்கு மேல் இல்லை என்று குறித்துவைத்திருந்தார். அற்பம்தானே என்று அவர் அதை அழித்துவிடவில்லை.

இயற்பியலுக்கு ஒரு நோட்டு, வேதியியலுக்கு ஒரு நோட்டு என்று நாம் பிரித்து அட்டை போடுகிறோம். ஆர்கான் எந்த நோட்டில் வரும்? நிறுத்தது இயற்பியல், பிரித்தது வேதியியல். 1904-இல் ரேலேவுக்கு இயற்பியல் நோபல், அதே ஆண்டு ராம்சேக்கு வேதியியல் நோபல். இடையில் 1895-இல், ஆர்கான் கிடைக்குமா என்று ராம்சே ஒரு யுரேனியத் தாதுவைச் சோதிக்க, ஹீலியம் வந்து நின்றது. வானியலாளர்கள் 1868-இல் சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தபோது பார்த்த இனம் தெரியாத மஞ்சள் கோட்டுக்கு உரியது அதுதான். வானியலில் சூரியனை மேசையில் வைத்துச் சோதிக்க முடியாது, பார்த்துக் காத்திருக்கத்தான் முடியும். விடை ஒரு கல்லுக்குள் இருந்தது.

சரி, உங்களிடம் கேட்க வந்தது இதுதான். ரெக்கார்டு நோட்டில் ‘ஏன் பொருந்தவில்லை’ என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள், அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். தப்பான விடைக்கும் ஒரு காரணம் இருக்கும். நூலின் 49 செ.மீ. நீளத்தை மட்டும் அளந்து, 2 செ.மீ. குறுக்களவுள்ள குண்டின் ஆரத்தைச் சேர்க்க மறந்தால் 9.6 வரும். ஊசலை விட்டவுடனேயே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கினால், இருபது என்று சொல்லும்போது ஆடியிருப்பது பத்தொன்பது அலைவுதான்; விடை 10.86 வரும். இந்த முறை யாராவது ஒரு மாணவி 10.86 என்று எழுதியிருந்தால், சிவப்புப் பேனாவைத் திறப்பதற்கு முன், “எங்கேயிருந்து எண்ண ஆரம்பிச்சேம்மா?” என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
9.8 எழுதித் தப்பித்த பழைய மாணவன்